நாற்பத்து மூன்று பேரிடம் சொல்லப் போனவன்

மலையடிவாரத்தில், முன்பு முந்திரிப் பருப்பு அடுக்கிவைத்த கிடங்கில், பன்னிரண்டு பேர் கணினிக்கு நிரல் எழுதுகிறார்கள். பேச்சு குறைவு. சாப்பாடு ஒன்றாக. செருப்பு வாசலுக்கு வெளியே. அதனால் ஊர்க்காரர்கள் அந்த இடத்தை மடம் என்கிறார்கள். காவி ஒன்றுதான் பாக்கி.

மடத்தின் ஆசான் பெயர் சங்கரவடிவு. வயது நாற்பது. எல்லாரும் வடிவக்கா என்பார்கள். சீடர்களில் சொரிமுத்து அவரைவிட இரண்டு வயது மூத்தவன். அவனுக்கும் அவர் அக்காதான். அதில் அவனுக்கு வருத்தம் இல்லை. அவன் வருத்தமெல்லாம் ரோஸ்லினைப் பற்றியது.

ரோஸ்லினுக்கு முப்பது வயது இருக்கும். அவள் எழுதிய ஒரு சின்ன நிரலுக்கு ‘அளவு’ என்று பெயர். குழந்தையின் எடையைக் கொடுத்தால் எத்தனை மில்லி மருந்து ஊற்ற வேண்டும் என்று அது சொல்லும். எடைக்கு அடுத்தபடியாக வயதையும் கொடுக்கலாம், கொடுக்காமலும் விடலாம். வேறு வித்தை எதுவும் அதில் கிடையாது.

ஆனால் நாற்பத்து மூன்று மருத்துவமனைகளின் கணினிகளில் அதன் பிரதி இருந்தது. அங்குள்ள மற்ற நிரல்கள் நாள் முழுவதும் அதைக் கூப்பிட்டு அளவு கேட்டன. மடத்தில் மற்றவர்கள் எழுதுகிற நிரல்களும் அதைக் கூப்பிட்டன. சொரிமுத்து எழுதியவையும் கூப்பிட்டன. வேறு வழியில்லை, கணக்கு அங்கேதான் இருந்தது.

மடத்தில் ஒருவரும் அதை வெறுமனே ‘அளவு’ என்று சொல்வதில்லை. ‘ரோஸ்லின் அளவு’ என்பார்கள். ‘ரோஸ்லின் அளவக் கூப்பிட்டுக்கோ’, ‘ரோஸ்லின் அளவுல கேட்டுப் பாரு’. சொரிமுத்து ஒரு நாள் உட்கார்ந்து எண்ணினான். மதியச் சாப்பாட்டுக்குள் ஒன்பது தடவை. அன்று அவனுக்கு ரசம்கூட இறங்கவில்லை.

அவன் என்ன சும்மாவா இருந்தான்? நோயாளியின் பெயரைத் தேடிக் கொடுக்கும் நிரல் அவன் எழுதியது. மருந்துச் சீட்டை அச்சடிக்கும் நிரல் அவன் எழுதியது. யாராவது ‘சொரிமுத்து சீட்டு’ என்று சொன்னார்களா? ‘அந்தச் சீட்டு அடிக்கிறது’ என்றார்கள். அடிக்கிறதாம்.

தனக்குள் எரிவதற்குப் பொறாமை என்று பெயர் வைக்க அவன் தயாராக இல்லை. நியாயம் என்று பெயர் வைத்திருந்தான்.

ஒரு நாள் காலையில் வடிவக்கா சமையல்கட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அன்று அவருடைய முறை. சொரிமுத்து எதிரில் போய் உட்கார்ந்தான்.

“அக்கா, ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க.”

“ரோஸ்லின் எழுதுனதுல அப்படி என்ன இருக்கு?”

“நாப்பத்தஞ்சு வரி இருக்கு.”

“அது தெரியும்க்கா. நாப்பத்தஞ்சு வரிய நானுந்தான் எழுதுவேன்.”

“எழுதுங்களேன்.”

அக்கா தன்னைத் தட்டிக் கழிக்கிறார் என்று அவன் நினைத்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்து போனான்.

மதியம் ஒரு கடிதம் வந்தது. ஒரு குழந்தை மருத்துவர் எழுதியிருந்தார். சிறுநீரகம் பழுதான குழந்தைகளும் தன்னிடம் வருகிறார்கள், அவர்களுக்கு மற்றக் குழந்தைகளின் அளவைக் கொடுத்தால் ஆபத்து, சிறுநீரகத்தின் நிலையையும் கணக்கில் சேர்க்க முடியுமா என்று கேட்டிருந்தார். நிலைக்கு ஓர் எண். நன்றாக இருந்தால் சுழியம், மிக மோசமென்றால் மூன்று.

வடிவக்கா கடிதத்தை சொரிமுத்துவின் மேசையில் வைத்தார்.

“இத நீங்க செய்யுங்க.”

சொரிமுத்து கடிதத்தைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான்.

“ரோஸ்லினோடத நானா?”

“அளவுல ஒரு எண் சேக்கணும். சேத்துருங்க.”

இரண்டு மேசை தள்ளி இருந்த ரோஸ்லின் காதில் அது விழுந்தது. அவள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

“செய்யிங்கண்ணே. நான் எதாவது சொல்லணுமா?”

“வேண்டாம்.”

“இல்ல, அதுல ஒரு எடத்துல…”

“நான் பாத்துக்கிடுதேன்.”

அவள் முகம் கொஞ்சமாவது தொங்கும் என்று அவன் எதிர்பார்த்திருந்தான். தொங்கவில்லை. அவள் திரும்பித் தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு அவனை இன்னும் எரித்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போல இருந்தது.

அவன் புதிய எண்ணைச் சேர்த்தான். எங்கே சேர்த்தான் என்பதில்தான் கதை இருக்கிறது.

எடைக்கும் வயதுக்கும் பின்னால் ஒரு ஓரமாக அதை வைத்திருக்கலாம். அவன் முன்னால் வைத்தான். இனி ‘அளவு’ நிரலைக் கூப்பிடுகிறவர்கள் சிறுநீரக எண்ணை முதலில் கொடுக்க வேண்டும், எடையை இரண்டாவதாக, வயதை மூன்றாவதாக. யாராவது கேட்டால் சொல்ல ஒரு காரணமும் தயார் செய்தான். மருந்து கொடுக்கும்முன் சிறுநீரகத்தைத்தானே முதலில் பார்க்க வேண்டும்?

உண்மைக் காரணம் வேறு. எண் முன்னால் வந்தால் பழைய மாதிரிக் கூப்பிட முடியாது. நாற்பத்து மூன்று இடங்களிலும் மாற்றியாக வேண்டும். எப்படி மாற்றுவது என்று யாரிடமாவது கேட்டாக வேண்டும். அந்த யாராவது சொரிமுத்துவாக இருப்பான். ஆறு மாதத்தில் ‘சொரிமுத்து அளவு’ என்று ஆகிவிடும். இதை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை. மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிறர் கூப்பிடுகிற நிரலில் கை வைத்து, அதனால் கூப்பிடுகிறவர்கள் எதையாவது மாற்ற வேண்டி வந்தால், கை வைத்தவர் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். கடிதம் செல்லாது. தொலைபேசி செல்லாது. பஸ் ஏறிப் போய், எதிரில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். மற்றவர்கள் எல்லாரும் எத்தனையோ தடவை போய் வந்திருக்கிறார்கள். ரோஸ்லின் ஒரு தடவைகூடப் போனதில்லை. கொடுத்து வைத்த மகராசி என்று சொரிமுத்து நினைத்துக்கொள்வான்.

வடிவக்கா அவன் எழுதியதைப் படித்தார்.

“ஓடுதா?”

“நல்லா ஓடுதுக்கா.”

“கூப்பிடுதவங்க?”

“மாத்தணும். நானே போய்ச் சொல்லிட்டு வாரேன்.”

“நாப்பத்து மூணு எடம்.”

“இருக்கட்டும்க்கா.”

அவர் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்:

“மலை மேல இருக்க ஆஸ்பத்திரியக் கடைசிக்கு வைக்காதீங்க. மழ வந்துட்டுன்னா பஸ்சு போவாது.”

“சரிக்கா.”

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. புதுச் சட்டை ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டான்.

முதலில் போன இடம் குழந்தைகளுக்கான பல் மருத்துவமனை. கணினிப் பிரிவில் ஒரு பெண் இருந்தாள். அவன் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தன் நிரல்களில் தேடிப் பார்த்தாள்.

“சார், முப்பத்தொரு இடத்துல கூப்பிடுறோம்.”

“முப்பத்தொண்ணுலயும் மாத்தணும்.”

“எதுக்கு சார்?”

“சிறுநீரகம் பழுதான பிள்ளைகளுக்கு அளவு கொறைக்கணும்லா?”

“எங்ககிட்ட சொத்தைப் பல்லுதான் சார் வருது.”

சொரிமுத்து எதிர்காலத்துக்கு நல்லது என்றான். அவள் இரண்டு மாதம் ஆகும் என்றாள். அவன் பெயரைக் கேட்கவில்லை.

இரண்டாவது இடத்தில் கேட்டார்கள். அங்கே ஒரு பெரியவர் அவனை உட்காரவைத்துக் காபி கொடுத்தார். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு கேட்டார்.

“யாரு மாத்துனதுன்னு எழுதணும்?”

“சொரிமுத்து.”

“இனிஷியல்?”

அவன் இனிஷியலையும் சொன்னான். அவர் அழகான கையெழுத்தில் எழுதுவதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான். காபியில் சர்க்கரையே போடவில்லை. அது அவனுக்குத் தெரியவில்லை.

மூன்றாவதாக மலைக்குப் போனான்.

மேலே தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் இரண்டு அறைகள் கொண்ட சின்ன மருத்துவமனை. டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். மற்ற நாட்களில் நர்ஸ் பேச்சியம்மாள்தான் எல்லாம். ஒரு பழைய கணினி, அதன் மேல் கைக்குட்டை விரித்து ஒரு மாதா படம், பக்கத்தில் ஒரு முருகன்.

“இதுல இருக்க நிரல எழுதிக் குடுத்தது யாரும்மா?”

“ஒரு தம்பி எழுதிக் குடுத்தாரு சார். இப்ப மஸ்கட்ல இருக்காரு.”

“அவரக் கூப்பிட்டு மாத்தச் சொல்ல முடியுமா?”

“நம்பர் இல்லையே சார். நல்லாத்தான ஓடுது? எதுக்கு மாத்தணும்?”

சொரிமுத்து யோசித்தான். மாற்ற ஆளில்லாத இடத்தில் புதிய நிரலைப் போட்டால் என்ன ஆகும்? பழைய மாதிரிக் கூப்பிட்டதும் திரை திணறி நின்றுவிடும் என்று அவன் நினைத்தான். நின்றால் நல்லதுதான். அப்போது இவர்களும் தன்னைத் தேடித்தானே வர வேண்டும்? மேசையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நேரம் அது, ஒரு நோயாளியும் இல்லை. பையிலிருந்து பென் டிரைவை எடுத்துத் தன்னுடைய ‘அளவு’ நிரலை அந்தக் கணினியில் போட்டான். சோதித்துப் பார்ப்பதற்குள் பேச்சியம்மாள் சொன்னார்:

“குளிருல வந்திருக்கிய. எதுத்தாப்புல டீ குடிச்சிட்டு வாங்க சார். ஏலக்கா போட்டுத் தருவாவ.”

அவன் போனான். டீ நன்றாகத்தான் இருந்தது. கடைக்காரரிடம் தான் யார், எதற்காக வந்திருக்கிறான் என்று விளக்கமாகச் சொன்னான். கடைக்காரர் நல்ல மனிதர், கேட்டார். இன்னொரு டீயைக் கையில் வாங்கிக்கொண்டு திரும்பினான்.

உள்ளே ஒரு தாய், மடியில் ஒரு பெண் குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காதில் சீழ். அழுது அழுது குழந்தையின் குரல் கம்மிப்போயிருந்தது. டாக்டர் முந்தின நாளே பார்த்து மருந்து எழுதிவிட்டார், இன்றுதான் மருந்து வந்தது. பேச்சியம்மாள் எடை பார்த்து, கணினியில் தட்டி, சின்னக் குப்பியில் மருந்தை ஊற்றி முடித்திருந்தார்.

சொரிமுத்து திரையைப் பார்த்தான். திரை நிற்கவில்லை. திணறவும் இல்லை. இரண்டரை மில்லி என்று தெளிவாகக் காட்டியது.

குழந்தையைப் பார்த்தான்.

“எட எவ்வளவும்மா?”

“பன்னெண்டு சார்.”

“வயசு?”

“நாலு.”

அவனுக்குப் புரிந்துவிட்டது. இந்தக் கணினி பழைய வழக்கப்படி எடையை முதலில் கொடுத்திருக்கிறது, வயதை அடுத்ததாகக் கொடுத்திருக்கிறது. அவனுடைய நிரல் பன்னிரண்டைச் சிறுநீரக எண் என்று எடுத்துக்கொண்டது. அப்படி ஒரு நிலையே கிடையாது, ஆனால் மூன்றுக்கு மேல் வந்தால் என்ன செய்வது என்று அவன் எழுதவே இல்லை, அதனால் நிரல் எதையும் குறைக்காமல் விட்டது. அடுத்து வந்த நான்கை எடை என்று எடுத்துக்கொண்டது. நான்கு கிலோ குழந்தைக்கு இரண்டரை மில்லி. கணக்கில் ஒரு பிழையும் இல்லை. பன்னிரண்டு கிலோ குழந்தை எதிரே உட்கார்ந்திருந்தது.

குப்பி குழந்தையின் வாய்க்குப் பக்கத்தில் போய்விட்டது.

“இருங்க! குடுக்காதிய!”

டீ அவன் புதுச் சட்டையில் கொட்டியது. பேச்சியம்மாள் கையை இழுத்துக்கொண்டார்.

“என்ன சார்? ரெண்டரன்னுதான போட்டிருக்கு?”

“தப்பு. அது தப்பு.”

“தப்பா? ஆறு வருசமா இது ஒரு நாளும் தப்பாச் சொன்னது இல்லையே சார்!”

“பன்னெண்டு கிலோ பிள்ளைக்கு எப்பவும் எவ்வளவு ஊத்துவிய?”

“அதெல்லாம் நான் எங்க சார் ஞாபகம் வச்சிருக்கேன்? மருந்துக்கு மருந்து மாறும். அது சொல்லும், நான் ஊத்துவேன்.”

அவன் தன்னுடைய நிரலை எடுத்துவிட்டுப் பழையதைத் திரும்பப் போட்டான். பேச்சியம்மாள் மறுபடி தட்டினார். ஏழரை. இன்னொரு குப்பியில் ஊற்றினார்.

குழந்தையின் தாய் இரண்டு குப்பிகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“முதல்ல இத்துனூண்டு ஊத்தினிய. இப்ப இம்புட்டு ஊத்துதிய. எதும்மா சரி?”

பேச்சியம்மாள் சொரிமுத்துவைப் பார்த்தார்.

“இதான் சரிம்மா,” என்றான் அவன். “முதல்ல ஊத்துனது என் தப்பு.”

அந்தத் தாய் உடனே கொடுக்கவில்லை. அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு பேச்சியம்மாளின் முகத்தைப் பார்த்தாள். பேச்சியம்மாள் தலையாட்டிய பிறகுதான் குழந்தையின் வாயைத் திறந்தாள். குழந்தை மருந்தைக் குடித்துவிட்டு ஓங்கி அழுதது.

அவர்கள் போன பிறகும் சொரிமுத்து நாற்காலியிலிருந்து எழவில்லை. கடைக்காரரிடம் இன்னும் ஐந்து நிமிடம் பேசியிருந்தால்? மருந்து கொடுக்க வேண்டிய ஐந்து நாளும் அந்தக் குழந்தைக்கு மூன்றில் ஒரு பங்கு மருந்துதான் போயிருக்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று எல்லாரும் மருந்தைத் திட்டியிருப்பார்கள். பயம் அவனை உலுக்கியது.

ஆனால் மனித மனசு இருக்கிறதே. அந்தப் பயத்திலும் அவனுக்கு ஒன்று கேட்கத் தோன்றியது.

“ஏம்மா, அளவு சொல்லுதுல்லா, அந்தக் கணக்க எழுதுனது யாருன்னு தெரியுமா?”

“சொன்னேன்லா சார், மஸ்கட்ல…”

“அவரு இல்ல. அளவ மட்டும் எழுதுனவங்க.”

“அதுக்குத் தனியா ஆளு உண்டுமா?”

“ரோஸ்லின்னு பேரு.”

“யாரு சார் அது? புது டாக்டரா?”

சொரிமுத்துவுக்கு ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது. வெட்கமில்லாமல் வந்தது. இங்கே அவளைத் தெரியவில்லை! அந்தச் சந்தோஷத்தோடுதான் பஸ் ஏறினான். மூன்றாவது கொண்டை ஊசி வளைவு வரைக்கும் அது அவனோடு வந்தது. அங்கே அவனுக்கு உறைத்தது. பேச்சியம்மாள் அவன் பெயரையும் கேட்கவில்லை.

மடத்துக்கு வந்ததும் ரோஸ்லின்தான் முதலில் எதிர்ப்பட்டாள்.

“மல எப்படிண்ணே இருந்துச்சு?”

“குளிரு.”

“சட்டையெல்லாம் என்ன?”

“டீ.”

அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. அவன் நேராக வடிவக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னான். குப்பியை மறைக்கவில்லை. குழந்தையின் வாயை மறைக்கவில்லை. எண்ணை எதற்காக முன்னால் வைத்தான் என்பதைக்கூடத் தலையைக் குனிந்துகொண்டு சொல்லிவிட்டான்.

வடிவக்கா கேட்டுக்கொண்டிருந்தார்.

“பிள்ள குடிச்சுதா?”

“சரியான அளவுதான்க்கா குடிச்சுது.”

“அந்தத் தாயி?”

“என்னய நம்பல. அந்த நர்சம்மாவ நம்பிக் குடுத்தா.”

“ம்.”

அக்கா அவன் சட்டையிலிருந்த டீக் கறையைப் பார்த்தார்.

“மிச்சம் நாப்பது எடம் இருக்கே,” என்றார் அக்கா. “எப்ப போறிய?”

சொரிமுத்து பையிலிருந்த பென் டிரைவை எடுத்து மேசையில் வைத்தான்.

“போவாம இருக்க முடியுமான்னு பாக்கேன்க்கா.”

“பாருங்க.”

அவன் உட்கார்ந்து மறுபடி எழுதினான். எடை இருந்த இடத்தில் எடை. வயது இருந்த இடத்தில் வயது. சிறுநீரக எண் கடைசியில். கொடுத்தால் கணக்கில் சேர்க்கும். கொடுக்காவிட்டால் நேற்று என்ன சொன்னதோ அதையே சொல்லும். மூன்றுக்கு மேல் யாராவது கொடுத்தால் அளவு சொல்ல மறுத்துவிடும். நாற்பத்து மூன்று இடங்களும் எப்படியெல்லாம் கூப்பிடுகின்றன என்று விவரம் வரவழைத்து, ஒவ்வொன்றையும் பழையதிலும் புதியதிலும் ஓட்டிப் பார்த்தான். ஒரு சொட்டு மாறவில்லை. இதற்கு நான்கு நாள் ஆயிற்று. முன்னால் வைப்பதற்கு அரை நாள்தான் ஆகியிருந்தது.

வடிவக்கா படித்தார்.

“யார் யார்கிட்ட போய்ச் சொல்லணும்?”

“கடுதாசி போட்ட டாக்டருக்குப் பதில் மட்டும் போட்டாப் போதும். மத்தவங்ககிட்ட சொல்ல ஒண்ணும் இல்லக்கா.”

“முன்னால போன ரெண்டு எடம்?”

“எதையும் மாத்த வேண்டாம்னு சொல்லிட்டேன். காபி குடுத்த பெரியவரு எம்பேர அடிச்சிருப்பாரு.”

“அப்ப அனுப்பிருங்க.”

திங்கட்கிழமை காலை புதிய ‘அளவு’ எல்லா இடங்களுக்கும் போனது. சொரிமுத்து தொலைபேசியை மேசை மேல் எடுத்து வைத்துக்கொண்டான். ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று பயந்தான். யாராவது கூப்பிட மாட்டார்களா என்றும் ஏங்கினான். இரண்டும் ஒரே ஆளுக்குள் எப்படி இருக்கும் என்று கேட்கக் கூடாது, இருந்தது. தொலைபேசி அடிக்கவே இல்லை. மறுநாளும் அடிக்கவில்லை. கடிதம் எழுதிய டாக்டர் மட்டும், கிடைத்தது, நன்றி என்று மடத்துக்கு இரண்டு வார்த்தை எழுதினார்.

புதன்கிழமை மதியம் பந்தியில் யாரோ யாரிடமோ சொன்னார்கள்: “அதான் ரோஸ்லின் அளவு இருக்குல்லா, அதுல கேளு.”

சொரிமுத்து தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். வடிவக்காவின் முன்னால் போய் நின்றான். கண் கலங்கியிருந்தது.

“அக்கா, இப்ப அதுல என் கையும் இருக்கு.”

“இருக்கு.”

“நாலு நாளு உக்காந்து செஞ்சேன். நாப்பத்து மூணு எடத்துல ஒரு ஆளுக்குத் தெரியல. இங்கன, எங்கூட உக்காந்து சாப்பிடுதவனுக்கே தெரியல. ஒரு ஆள்கூட ஒரு வார்த்த கேக்கல.”

“ஆமா.”

“அவ ஒரு தடவ எழுதுனா, பேரு நின்னுட்டு. எனக்குப் பொறாமதான்க்கா. வேற என்ன சொல்ல? பொறாமதான். அவ அப்படி என்னத்தச் செஞ்சுட்டா, நான் செய்யாதத?”

வடிவக்கா கை கழுவிவிட்டு வந்தார். ஒரு கணினியின் முன்னால் அவனை உட்காரவைத்தார்.

மடத்தில் எழுதுகிற ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு பட்டியல் உண்டு. யார், என்றைக்கு, எதில் கை வைத்தார்கள் என்று கணினி தானாகவே அதில் குறித்துவைக்கும். தன்னுடைய நிரல்களின் பட்டியலை சொரிமுத்து அடிக்கடி திறந்து பார்ப்பான். ‘அளவு’ நிரலின் பட்டியலைத் திறக்க மட்டும் அவனுக்கு மனசு வந்ததே இல்லை. அந்தப் பெயரைத் திரையிலும் வேறு பார்க்க வேண்டுமா?

அக்கா அதைத் திறந்தார்.

மேலே முதல் வரியில் அவன் பெயர் இருந்தது. சொரிமுத்து, திங்கட்கிழமை. அவன் முகம் மலர்ந்தது. பிறகு கண் கீழே போனது.

ரோஸ்லின், மூன்று வாரம் முன்பு. ரோஸ்லின், சித்திரை. ரோஸ்லின், அதற்கு முந்தின ஐப்பசி. குறைமாதக் குழந்தைகளுக்கு ஒரு வழி. சொட்டு மருந்துக்கு ஒரு வழி. ஒரு மருந்தின் செறிவை அதைச் செய்கிறவர்கள் மாற்றிய வாரமே அதற்கு ஒரு வழி. அவன் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினான். பதினொன்று.

அவன் மடத்துக்கு வந்து ஐந்து வருடம். பதினொன்றும் அந்த ஐந்து வருடத்துக்குள் இருந்தன.

“அக்கா, நான் தெனமும் இதக் கூப்பிடுதேன். என் சீட்டு இதத்தான் கேக்கு. ஒரு தடவகூட என் வரிய நான் மாத்துனது இல்ல.”

“ம்.”

“அவ எப்பக்கா இத்தன தடவ மாத்துனா?”

வடிவக்கா பட்டியலை மூடினார். பிறகு அவனைப் பார்த்தார்.

“நீங்க பாட்டுக்கு வேல பாத்துக்கிட்டு இருந்தியல்லா,” என்றார். “அப்பதான்.”